நஞ்சு வந்த வழி – பகுதி 11: பினாங்கில் எழுந்த கேள்வி

இதுவரை வந்த கதையைச் சில வரிகளில் நினைவுபடுத்திக்கொள்வோம். மலாயா ரப்பர் தோட்டங்களில் லாலான் புல்லை ஒழிக்க முதலில் வந்தது சோடியம் ஆர்சனைட். அது புல்லோடு மாட்டையும் மனிதரையும் சேர்த்துக் கொன்றது. 1950களின் தொடக்கத்தில், அவசரகாலத்தின்போது, பிரிட்டிஷ் படைகள் காட்டையும் பயிரையும் கருக்க 2,4,5-டி போன்ற களைக்கொல்லிகளை அதே மண்ணில் தெளித்தன. 1958-ல் கேரளத்தில், ஒரே கப்பலில் கோதுமை மாவோடு ஏற்றி வந்த பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி மாவில் கலந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சாவுகளின் விளைவாகத்தான் இந்தியாவில் 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1960களில் பாரக்வாட் என்ற களைக்கொல்லி மலேசியத் தோட்டங்களுக்குள் நுழைந்தது. 1974-ல் மலேசியாவும் தனக்கென ஒரு பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றியது. சட்டம் வந்த பிறகும் மருந்தடிக்கும் பெண்களின் நகங்கள் கறுத்துக் கழன்றுகொண்டுதான் இருந்தன.

இந்தப் பகுதியில் நாம் 1982-க்கு வருகிறோம்.

வரியில்லாத் துறைமுகம்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் உள்ள சூலியா தெருவை விட்டுவிட்டு இந்தக் கட்டத்தைச் சொல்ல முடியாது. 1786-ல் தீவில் இறங்கிய பிரான்சிஸ் லைட் வகுத்த முதல் சில தெருக்களில் அதுவும் ஒன்று. கடலோரத்துப் பீச் ஸ்திரீட்டில் தொடங்கி, பிட் ஸ்திரீட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பினாங்கு ரோடு வரை போகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களால் பெயர் பெற்ற தெரு. நாகூர் ஆண்டவர் பெயரில் எழுந்த தர்கா அங்கே இருக்கிறது. 1801-ல் காதர் மொய்தீன் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அருகிலேயே இருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய வணிகரும் கூலிக்கு வந்தவரும் இறங்கியது ஒரே துறைமுகத்தில்தான். வணிகர் தெருவுக்குள் நடந்தார். கூலிக்கு வந்தவர் கங்காணிக்குப் பின்னால் அக்கரையில் இருந்த புரோவின்ஸ் வெல்லஸ்லிக்கும் கெடாவுக்கும் பேராவுக்கும் போனார். விற்பனை ஒரு பக்கம், உடலுழைப்பு மறுபக்கம் என்று தமிழர் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்த இடம் இந்தத் துறைமுகம். பூச்சிக்கொல்லியின் வரலாறும் அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பினாங்கு வரியில்லாத் துறைமுகமாக இருந்தது. எந்தச் சரக்கும் வரலாம், எந்தச் சரக்கும் போகலாம் என்பதே ஊரின் பிழைப்பு. 1969-ல் அந்தச் சலுகை பறிபோனது. அதே காலத்தில், 1969-70-ல், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உருவானது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தலைமை தாங்கி, 2019-ல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ், ஜார்ஜ் டவுனில் வணிகம் செய்து வளர்ந்த இந்திய முஸ்லிம். சலுகை போனதற்கும் சங்கம் பிறந்ததற்கும் காரண காரியத் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வணிகர் பயனீட்டாளர் பக்கம் வந்து நின்றதில் ஒரு பொருத்தம் தெரிகிறது. சரக்கு எப்படிக் கைமாறுகிறது, கடனுக்கு எப்படித் தள்ளப்படுகிறது, ஒட்டுத்தாளில் எது பெரிய எழுத்திலும் எது பொடி எழுத்திலும் வருகிறது என்பதெல்லாம் கடையில் நின்றவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சங்கம் தோட்டத் தொழிலாளர், மீனவர், நெல் விவசாயி ஆகியோரின் குறைகளையெல்லாம் பயனீட்டாளர் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டது. வாங்கிய வானொலிப் பெட்டி பழுதானதற்கு நியாயம் கேட்கும் மேல்நாட்டுப் பயனீட்டாளர் இயக்கங்களிலிருந்து அது விலகி நின்றது இந்த இடத்தில்தான்.

அதே ஊரில் வேறு இரண்டு அமைப்புகளும் வேர்விட்டன. பயனீட்டாளர் சங்கங்களின் சர்வதேச அமைப்பு தன் ஆசிய பசிபிக் அலுவலகத்தைப் பினாங்கில் வைத்திருந்தது. அதை நடத்திய அன்வர் ஃபசால் 1978 முதல் 1984 வரை அந்த உலக அமைப்புக்கே தலைவராகவும் இருந்தார். 1970களின் பிற்பகுதியில், இத்ரிஸ் தலைமையிலேயே, சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் இயக்கமும் தொடங்கியது. ஆக, 1980-ஐ ஒட்டி இந்தச் சிறு தீவில் உலகத் தொடர்பும் தோட்டக்காட்டுத் தொடர்பும் ஒருசேரக் கைவந்திருந்தன. இந்தச் சேர்க்கை ஜெனீவாவுக்கும் வாஷிங்டனுக்கும் வாய்க்கவில்லை. இது இல்லாமல் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

33 நாள்

இப்போது கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய்வர வேண்டும். 1972-ல் டிடிடி-யை அமெரிக்கா தன் வயல்களில் தடை செய்தது. அடுத்தடுத்துப் பல மருந்துகள் தடைப்பட்டன. ஆனால் உள்நாட்டில் விற்கக் கூடாது என்ற தடை, தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது வரை நீளவில்லை. 1979-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஒரு கணக்கை வெளியிட்டது. 1976-ல் அந்நாடு ஏற்றுமதி செய்த பூச்சிக்கொல்லிகளில் எடையளவில் சுமார் 29% அமெரிக்காவிலேயே பதிவு பெறாதவை. தன் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்று எடுத்து வைத்ததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விலைக்குக் கொடுப்பது போன்ற இந்த ஏற்பாட்டை, 1981-ல் டேவிட் வேர், மார்க் ஷபைரோ என்ற இரு பத்திரிகையாளர்கள் ஒரு நூலில் தொகுத்து வெளியிட்டார்கள். அந்த நஞ்சு காப்பியிலும் வாழைப்பழத்திலும் ஏறி அமெரிக்கச் சாப்பாட்டு மேசைக்கே திரும்பி வருகிறது என்று அவர்கள் காட்டியபோது அந்நாட்டு வாசகர்கள் அதிர்ந்தார்கள். அந்த அதிர்ச்சியின் பெரும்பகுதி தம் தட்டைப் பற்றியது. மருந்தைக் கையால் கலக்கியவரைப் பற்றிய கவலை அதில் குறைவு.

1981 ஜனவரி 15. பதவியை விட்டு இறங்க ஐந்தே நாள் இருந்த அதிபர் ஜிம்மி கார்ட்டர், அபாயகரமான பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். பிப்ரவரி 17 அன்று புதிய அதிபர் ரொனால்ட் ரேகன் அதை ரத்து செய்தார். இடைப்பட்டவை 33 நாள்.

இந்த 33 நாளை நான் திருப்புமுனையாகக் கருதுகிறேன். அதுவரை, விற்கும் நாடு மனசாட்சியோடு நடந்துகொள்ளும் என்று காத்திருப்பது ஒரு வழியாகத் தோன்றியது. ஒரு கையெழுத்தில் வந்த பாதுகாப்பு இன்னொரு கையெழுத்தில் போய்விடும் என்று தெரிந்த பிறகு, வாங்கும் நாடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ரேகன் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஏற்றுமதிக் கட்டுப்பாடு அமெரிக்கத் தொழிலுக்குச் சுமை, நாம் அனுப்பாவிட்டால் வேறொரு நாடு அனுப்பும் என்பது அதன் ஒரு பாதி. மலேசியாவுக்கோ கென்யாவுக்கோ எது தேவை என்று வாஷிங்டன் எப்படி முடிவு செய்யலாம், அந்தந்த நாடே முடிவு செய்யட்டும் என்பது மறுபாதி. இரண்டாவது பாதி கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு நாடு தானே முடிவு செய்ய வேண்டுமானால், அந்த மருந்து எங்கே, எதற்காகத் தடை செய்யப்பட்டது என்பது அந்த நாட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடமும் நச்சியல் நிபுணரும் இல்லாத ஒரு வேளாண் அமைச்சகத்துக்கு அந்தத் தகவல் வரும் ஒரே வழி, பெரும்பாலும், விற்க வந்த நிறுவனத்தின் பிரதிநிதிதான். இறையாண்மையை மதிப்பதாகச் சொன்ன வாதம், அந்த இறையாண்மை இயங்குவதற்கு வேண்டிய தகவலைத் தர மறுத்தது.

பதினாறு நாடுகள்

1982 மே மாதம், சஹாபாட் ஆலாம் மலேசியாவும் சர்வதேசப் பயனீட்டாளர் அமைப்பும் அழைத்து, பதினாறு நாடுகளிலிருந்து பலர் பினாங்கில் கூடினார்கள். பயனீட்டாளர் இயக்கத்தவர், சுற்றுச்சூழல் இயக்கத்தவர், வளர்ச்சிப் பணியாளர் என்று பல தரப்பினர். அங்கே பிறந்ததுதான் பூச்சிக்கொல்லிச் செயல் வலைப்பின்னல். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் ‘பான்’ என்று உலகம் அறிந்த அமைப்பு. தலைமையகம், தலைவர், பெரிய நிதி எதுவும் இல்லாமல், கண்டம்தோறும் ஒரு மையம், மையங்களுக்கிடையே தகவல் பரிமாற்றம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். தாய்ப்பால் மாற்று உணவு நிறுவனங்களுக்கு எதிராக 1979-லும், மருந்து நிறுவனங்களைக் கண்காணிக்க 1981-லும் கட்டப்பட்ட வலைப்பின்னல்கள் அதற்கு முன்மாதிரி. ஒரு நாட்டில் ஒரு பொருள் தடைப்பட்டால் மற்ற நாடுகளை எச்சரிக்க ‘பயனீட்டாளர் இன்டர்போல்’ என்ற ஏற்பாட்டையும் அன்வர் ஃபசால் குழுவினர் ஏற்கெனவே தொடங்கியிருந்தார்கள்.

கூடியவர்கள் கையில் என்ன சான்று இருந்தது? அதே 1982-ல் டேவிட் புல் எழுதி ஆக்ஸ்பாம் வெளியிட்ட நூல் ஒரு கணக்கைச் சொன்னது. உலகப் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டில் வளரும் நாடுகளின் பங்கு 15 விழுக்காட்டுக்கும் குறைவு. நச்சுப் பாதிப்புகளில் பாதிக்கு மேலும், சாவில் நான்கில் மூன்று பங்கை ஒட்டியும் அவற்றுக்குரியவை. அந்த ஆண்டே உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் இலங்கையைப் பற்றிய ஒரு கட்டுரை வந்தது. எழுதிய மூவரில் முதல்வர் ஜெ. ஜெயரத்னம், தொழில்சார் மருத்துவ நிபுணர். இலங்கையில் ஆண்டுதோறும் சுமார் 13,000 பேர் பூச்சிக்கொல்லி நஞ்சால் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள், சுமார் 1,000 பேர் இறக்கிறார்கள் என்று அது காட்டியது. மருத்துவமனைப் பதிவேடுகளை எண்ணிக் கிடைத்த எண் இது. மருத்துவமனைக்கே வராதவர்கள் இதில் இல்லை.

புள்ளிவிவரத்தைவிட முக்கியமானது, பினாங்கில் கேள்வி இடம் மாறியது. அதுவரை உலகம் கேட்டது: இந்த ஏழை விவசாயி ஏன் இப்படிக் கவனமில்லாமல் மருந்தடிக்கிறான்? பினாங்கில் கேட்டது: இவ்வளவு கவனம் வேண்டிய பொருளை, அந்தக் கவனத்துக்கு வழியே இல்லாத இடத்தில் யார் விற்கிறார்கள், யார் விற்க விட்டார்கள்? இந்த இடமாற்றம்தான் சரியானது என்பது என் வாதம். அன்று அது ஒரு கோணமாக மட்டுமே இருந்தது. அதன் பிறகு சேர்ந்த சான்றுகள் அதன் பக்கமே சாய்ந்திருக்கின்றன. எதிர்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அது புரியும்.

முதுகுப் பம்பைச் சுமந்தவர்கள்

முதல் எதிர்வாதம் தொழில்துறையுடையது: பொருளில் குறையில்லை, கையாள்வதில்தான் குறை, பயிற்சி கொடுங்கள், கையுறையும் முகமூடியும் கொடுங்கள். பத்தாண்டு கழித்துக்கூட, 1991-ல், உற்பத்தியாளர்களின் உலகச் சங்கம் குவாத்தமாலா, கென்யா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் ‘பாதுகாப்பான பயன்பாடு’ என்ற பெயரில்தான் பெரிய பயிற்சித் திட்டங்களைத் தொடங்கியது. இந்த வாதத்தை மலேசியத் தோட்டத்தில் வைத்துச் சோதிப்போம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். மேற்பார்வையாளரான மண்டோர் பேர் சொல்லி வேலை பிரிப்பார். ஆண்கள் மரம் சீவவும் செம்பனைக் குலை வெட்டவும் போக, வெளிக்காட்டு வேலையான மருந்தடிப்பு பெரும்பாலும் பெண்களிடம் வந்து சேர்ந்தது. முன்பு கூட்டமாகக் குனிந்து கையால் புல் எடுத்த அதே பெண்கள்தான். பாரக்வாட் வந்ததும் அந்தக் கூட்டத்தில் சிலர் போதும் என்றாகிவிட்டது. தோட்டத்துக்கு அந்த மருந்தின் பெரிய லாபம் இதுவே. அடித்த சிறிது நேரத்தில் மழை பெய்தாலும் புல் கருகிவிடும் என்பது மற்றொன்று. மலேசிய மழையில் அது சின்ன விஷயமல்ல.

பதினைந்து லிட்டருக்கு மேல் கொள்ளும் பம்பை முதுகில் சுமந்து, செம்பனை வரிசைகளுக்கு நடுவே, காற்றசையாத ஈரப்புழுக்கத்தில், நாளெல்லாம் நடக்கிற ஒருவர் ரப்பர் உடையும் முகமூடியும் அணிந்து எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? மூச்சு முட்டும், கழற்றிவிடுவார். பம்பு ஒழுகும்; முதுகு நனையும். பாரக்வாட் நல்ல தோலில் எளிதாக ஊடுருவாது என்று நிறுவனம் சொன்னது உண்மை. கீறலும் புண்ணும் உள்ள தோலில் ஊடுருவும் என்பதும் அதே அளவு உண்மை. முள்ளும் ஓலையும் நிறைந்த தோட்டத்தில் கீறல் இல்லாத கால் எங்கே இருக்கிறது? உடலுக்குள் போய்விட்டால் நுரையீரலைத் தழும்பாக்கும் அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆக, பாதுகாப்பு என்பது தொழிலாளியின் ஒழுக்கத்தைப் பொறுத்தது என்று சொல்லும்போது, அவர் கையில் இல்லாத வெயிலையும் ஒழுகும் பம்பையும் நாள்கூலிக் கணக்கையும் அவர் தலையில் ஏற்றுகிறோம். பின்னாளில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பே தன் நடத்தை விதிகளில் இதை ஏற்றுக்கொண்டது: வெப்ப நாடுகளில் அணிய முடியாத, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று. பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பயிற்சியால் ஆகாத பொருளும் உண்டு என்பதே பினாங்கின் நிலை.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. அதை ஓரமாகத் தள்ளிவிடக் கூடாது. ஜெயரத்னத்தின் அந்த 13,000 பேரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வேலையின்போது பாதிக்கப்பட்டவர்கள் அல்ல. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள். அப்படியானால் இது மனத்துயரின் பிரச்சினை, வறுமையின் பிரச்சினை, இதில் பூச்சிக்கொல்லி விற்பனையை எதற்கு இழுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். துயரம் இருக்கும்வரை மனிதர் ஏதாவது ஒரு வழி தேடுவார், மருந்தைத் தடுத்து என்ன பயன் என்றார்கள். 1982-ல் இதற்கு உறுதியான பதில் யாரிடமும் இல்லை. பதிலை இலங்கை தந்தது, மெதுவாக, சட்டத்தின் வழியே. 1980-ல் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றிய அந்த நாடு, 1984-ல் பாரத்தியானை நிறுத்தியது, 1995-ல் மிகக் கொடிய வகுப்பில் எஞ்சியிருந்தவற்றை நிறுத்தியது, 1998-ல் எண்டோசல்ஃபான், 2008-க்கும் 2011-க்கும் இடையே பாரக்வாட் உட்பட மூன்று. 1995-ஐ ஒட்டி ஒரு லட்சம் பேருக்கு 47 என்று உலகின் உச்சங்களில் ஒன்றாக இருந்த அதன் தற்கொலை விகிதம் இருபது ஆண்டில் ஏறத்தாழ 70% இறங்கியது. காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இந்த இருபதாண்டில் பெரும்பகுதி போர்க்காலம். துயரம் குறைந்த காலமல்ல. கண நேரத் தவிப்பில் ஒருவர் கைக்கு எட்டுவது எவ்வளவு கொடியது என்பதே அவர் பிழைப்பாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுபடி அந்த வழிக்குப் போவதில்லை. வீட்டு மூலையில் எந்தப் புட்டி இருக்கும் என்பதைக் பேராதனையில் ஒரு பூச்சிக்கொல்லிப் பதிவாளர் அலுவலகம் முடிவு செய்கிறது. அந்த முடிவு உயிர் காக்கும் மருத்துவத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

மூன்றாவது, சோற்றுப் பிரச்சினை. மருந்தை நிறுத்தினால் விளைச்சல் விழும், பசிக்கு யார் பொறுப்பு என்பது. நெல்லுக்கும் மலேரியாவுக்கும் இது பொருள் உள்ள கேள்வி. பசுமைப் புரட்சியின் அரிசியைச் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறைகள் இதை இலேசாகப் பேசக் கூடாது. ஆனால் மலேசியத் தோட்டத்தில் பாரக்வாட் காத்தது நெல்லை அல்ல. ஏற்றுமதிக்குப் போகும் ரப்பரையும் பாமாயிலையும். அங்கே அது பசிக்கு எதிரான ஆயுதமாக இருக்கவில்லை. கூலிச் செலவைக் குறைக்கும் கருவியாக இருந்தது. அந்த மிச்சம் யார் கைக்குப் போனது, நோய் யார் உடலுக்குப் போனது என்பது தனிக் கணக்கு. நெல்லைப் பொறுத்தவரை, இலங்கையின் தடைகளுக்குப் பின் விளைச்சலை ஆராய்ந்தவர்கள் தடையால் வீழ்ச்சி ஏற்பட்டதற்குச் சான்று காணவில்லை. 2021-ல் அதே இலங்கை எல்லா இரசாயனங்களையும் ஒரே நாளில் நிறுத்தி, விளைச்சல் சரிந்து, சில மாதங்களில் பின்வாங்கியதை இதற்கு எதிராகக் காட்டுவோர் உண்டு. இரண்டும் வேறு வேறு. மாற்று இருக்கிற இடத்தில், கொடியதை மட்டும் தேர்ந்தெடுத்து, இருபதாண்டுக்கு மேலாகப் படிப்படியாக நிறுத்தியது ஒன்று. உரம் உட்பட அனைத்தையும் விவசாயியின் தலையில் ஒரே அடியாகப் போட்டது மற்றொன்று. பினாங்கில் கூடியவர்கள் கேட்டது முதல் வகை.

146-க்கு 1

இனி நிகழ்ச்சிகள் வேகமெடுக்கின்றன. பினாங்குக் கூட்டம் முடிந்து ஏழு மாதம். 1982 டிசம்பர் 17 அன்று ஐ.நா. பொதுச் சபை ஒரு தீர்மானத்தை வாக்குக்கு விட்டது. உள்நாட்டில் தடை செய்த பொருளை, வாங்கும் நாடு கேட்டாலோ அதன் ஒப்புதல் இருந்தாலோ மட்டுமே வெளிநாட்டுக்கு விற்க வேண்டும். தடைப்பட்ட பொருள்களின் பட்டியல் ஒன்றை ஐ.நா. தொகுக்க வேண்டும். ஆதரவு 146. எதிர்ப்பு 1, அமெரிக்கா. தீர்மானத்துக்குச் சட்ட வலு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ‘தெரிவித்து ஒப்புதல் பெறு’ என்ற கொள்கை அன்று ஏறக்குறைய உலகம் முழுவதன் வாக்கைப் பெற்றுவிட்டது. அந்த ஆண்டின் மாற்று நோபல் எனப்படும் நல்வாழ்வு விருது அன்வர் ஃபசாலுக்குப் போனதும் தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

ரோமில் இருந்த உணவு வேளாண் அமைப்பு, பூச்சிக்கொல்லி விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் உலகளாவிய நடத்தை விதிகளை எழுதத் தொடங்கியது. நிறுவனங்களும் அரசுகளும் இயக்கங்களும் ஒவ்வொரு வாசகத்தையும் இழுபறி செய்தன. அந்த நடுவில், 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவைத் தாண்டி, போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தது. தெளிப்பவர் மட்டுமல்ல, ஆலைச் சுவருக்கு வெளியே உறங்கியவர்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். ‘கையாள்வதில் குறை’ என்று சொல்லி முடித்துவிட முடியாத மரணங்கள் அவை. ஆறு மாதம் கழித்து, 1985 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளில், பான் அமைப்பு பன்னிரண்டு கொடிய மருந்துகளின் பட்டியலை வெளியிட்டது. டிடிடி, பாரத்தியான், 2,4,5-டி ஆகியவற்றோடு பாரக்வாட்டும் அதில் இருந்தது. பல நாடுகளில் ஒரே நாளில் வெளியான அந்தப் பட்டியல் எல்லாவற்றையும் எதிர்க்கவில்லை. பெயர் சொல்லி, காரணம் சொல்லி, பன்னிரண்டை மட்டும் கேட்டது. அரசுகள் அதைப் புறந்தள்ள முடியாமல் போனதற்கு அந்த அடக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

1985 நவம்பர் 28. ரோமில் உணவு வேளாண் அமைப்பின் மாநாடு நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டது. ஒட்டுத்தாள் எப்படி இருக்க வேண்டும், விளம்பரத்தில் ‘பாதுகாப்பானது’ என்று போடலாமா, பதிவு முறை இல்லாத நாட்டில் விற்பவரின் பொறுப்பு என்ன என்று பல நல்ல பிரிவுகள் அதில் இருந்தன. மூன்றரை ஆண்டு முன் பினாங்கில் இடம் மாறிய கேள்வி, முதல்முறையாக ஒரு உலக ஆவணத்தில் பாதியளவேனும் ஏறியிருந்தது. விற்பவருக்கும் கடமை உண்டு என்று அது எழுத்தில் ஒப்புக்கொண்டது.

ஆனால் பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டியவர்கள் ஒரு வாசகத்தைத் தேடிக் காணாமல் திகைத்தார்கள். வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவித்து அதன் ஒப்புதலைப் பெறாமல், தடைப்பட்ட மருந்தை அனுப்பக் கூடாது என்ற அந்த ஏற்பாடு முந்தைய வரைவுகளில் இருந்தது. இறுதிப் பிரதியில் இல்லை. வளரும் நாடுகள் பல முணுமுணுத்தன. சில வெளிப்படையாகவே எதிர்த்தன. இருந்தும் விதிகள் அப்படியே நிறைவேறின.

மூன்று ஆண்டுக்கு முன் 146 நாடுகள் வாக்களித்து ஏற்ற கொள்கை, அவற்றில் பெரும்பாலானவை அமர்ந்திருந்த அதே மாநாட்டில், எப்படி ஒரு வரி கூட மிஞ்சாமல் வெளியே போனது? அதைத் திரும்ப உள்ளே கொண்டுவர பினாங்குக்காரர்களால் என்ன செய்ய முடிந்தது?

(அடுத்த வாரம்: காணாமல் போன வாசகம்)